ரவை பெருசா இருக்கணும்

துப்பாக்கியைக் கையால் தொடாதவனுக்குத்தான் துப்பாக்கியைப் பற்றி எல்லாம் தெரியும். நான் தொட்டதில்லை. (மாமல்லபுரம் கடற்கரையில் பலூன் சுடும் துப்பாக்கியை ஒருமுறை தொட்டேன். நான் பிடித்த விதத்தைப் பார்த்து பலூன்காரரே திரும்ப வாங்கிக்கொண்டார்.)

செய்யூர் பக்கம் என் மாமனாருக்கு வேர்க்கடலைக் கொல்லை. அந்த வருஷம் காட்டுப்பன்றிகள் பாதியைத் தோண்டித் தின்றுவிட்டன. மீதியாவது வீடு வந்து சேரட்டும் என்று மனிதர் ராத்திரியெல்லாம் பட்டாசு வெடித்துக் காவல் கிடந்தார்.

"லைசென்ஸுக்கு எழுதிப் போட்டு துப்பாக்கி ஒண்ணு வாங்கிக்கலாமா மாப்ள? நீங்கதான் கம்ப்யூட்டர்ல பாத்து சொல்லணும்" என்றார்.

கல்யாணத்துக்கு அப்புறம் அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. விடுவேனா?

ஆபீஸ் வேலையை ஓரங்கட்டிவிட்டு வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள்தான் என்று முடிவானது. விசையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த குண்டு உள்ளே ஏறும். வீட்டில் குடையை வைத்துப் பழகினேன். மிச்சம் இருந்தது கேலிபர். முப்பது-முப்பதா, நாற்பத்தைந்து-எழுபதா? (பஸ் நம்பர் இல்லை, குண்டின் அளவு.) "நம்ம ஊர்ல இதெல்லாம் குடுப்பாங்களா?" என்றாள் மனைவி. அற்பக் கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை.

சனிக்கிழமை மாமனார் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். கல்பாக்கத்தை நெருங்கும்போது அவரே போன் பண்ணினார்.

"கடையிலதான் கீறேன் மாப்ள. இன்னா வாங்கணும், சொல்லுங்க."

துப்பாக்கிக் கடை என்றே நினைத்தேன். (செய்யூரில்!) பஸ்ஸில் நாலு பேர் இருக்கிறார்களே, குண்டு கிண்டு என்று உளறக்கூடாது என்று, பேப்பரில் குண்டுக்குப் போடுகிற வார்த்தையில் நாசூக்காகச் சொன்னேன்.

"ரவை பெருசா இருக்கணும் மாமா. சின்னது சரிப்படாது."

"வறுத்ததா, வறுக்காததா?"

ஹாரன் சத்தத்தில் அது என் காதில் விழவில்லை. "ஒரே ரவைல விழணும் மாமா! நெத்தில!" என்று கத்தினேன்.

கண்டக்டர் விசில் ஊதினார். அடுத்த செக்போஸ்ட்டில் என்னை மட்டும் இறக்கிவிட்டார்கள். அணு உலை இருக்கிற ரோட்டில் நெற்றிப்பொட்டைப் பற்றிப் பேசினால் வேறென்ன செய்வார்கள், மாலையா போடுவார்கள்?

ஸ்டேஷனில் என் போனைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே முழுக்கத் துப்பாக்கி.

"யார சுடப்போற?" என்றார் எஸ்.ஐ.

"பன்னி, சார்."

அவர் எழுந்து நின்றுவிட்டார். நான் அவரைச் சொல்லவில்லை என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஸ்டேஷனிலிருந்து தகவல் போய், சாயங்காலம் மாமனார் அஞ்சு கிலோ ரவையோடு வந்து நின்றார். "மாப்ளைக்கு உப்புமான்னா உயிரு சார். பெரிய ரவை கேட்டாரு, வாங்கியாந்தேன். இதுல இன்னா சார் தப்பு?"

எனக்கு உப்புமா பிடிக்காது. பலமாகத் தலையாட்டினேன்.

எஸ்.ஐ. பையைப் பிரித்து விரலால் நிரடிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "பன்னிய சுடறதுக்கே ஃபாரஸ்ட்ல கேக்கணும், தெரியுமா?"

தெரியாது. வீடியோவில் சொல்லவில்லை.

விசாரித்து, எழுதி வாங்கி, எங்களை அனுப்பும்போது விடிந்துவிட்டது. அந்த ராத்திரி முழுக்கக் கொல்லையில் பட்டாசு வெடிக்க ஆளில்லை. நேராக அங்கேதான் போனோம். மீதிக் கடலையும் காலி. மாமனார் தலையில் கைவைத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "போவுது வுடுங்க மாப்ள" என்று அவர் சொன்னதும் எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

விட்டது அவர் மட்டும்தான். அவர் வாய் விடவில்லை. போன மாதம் கொல்லையைப் பார்க்க வந்த வேளாண்மை ஆபீசர், பயிரை எதெல்லாம் நாசம் பண்ணுகிறது என்று கேட்டார். என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே மாமனார் சொன்னார்:

"மயிலு, பன்னி, அப்பறம் எங்க மாப்ள."

ஆபீசர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.