புல்வெளி மாஸ்டர்

தூண்டில் நூல் விழவேண்டிய இடம் பூங்காவின் புல்தரை. அது போய் விழுந்ததோ ஓய்வு பெற்ற நீதிபதியின் தலையில். விழுந்த நூல் சும்மா வராமல் அவருடைய தொப்பியையும் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டது.

வீசியவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மச்சினன் எங்கோ ஆற்றில் பிடித்த மீனைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு படம் அனுப்பிய நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து வீசுகிற, இரண்டு ஆள் உயரத் தூண்டில் கம்பு ஒன்றை வாங்கிவிட்டார். புல்லில் பழகும்போது முள் கூடாது, நுனியில் கம்பளித் துணுக்குதான் கட்டவேண்டும் என்று வீடியோவில் சொன்னதால் நீதிபதியின் காது தப்பியது.

“என்னப்பா இது?” என்றார் நீதிபதி.

“பயிற்சிங்க ஐயா.”

“நீ பழகுறியா, பழக்கி விடுறியா?”

உள்ளதைச் சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். வெயிலில் பளபளத்த அந்த வழுக்கையைப் பார்த்ததும் வாய் குளறிவிட்டது.

“பழக்கி விடுறேங்க.”

மறுநாள் காலை நீதிபதி தரை துடைக்கிற கட்டையோடு வந்து நின்றார். கூடவே பல் டாக்டர், கையில் திரைச்சீலைக் கம்பி. தையற்கடை அம்மாள் ஒட்டடைக் கம்பைக் கொண்டுவந்ததோடு, எல்லாருடைய நுனியிலும் நூலும் கட்டிவிட்டார்.

“எப்படி மாஸ்டர்?”

“மெதுவா தூக்குங்க... பக்கவாட்டுல ஒரு சுத்து... தோளுக்கு மேல நிறுத்தி... வீசுங்க!”

ஒட்டடை பல் டாக்டர் தலையில் கொட்டியது. யாருக்கும் கோபம் வரவில்லை. தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி தூக்கினார்கள்.

நாளுக்கு நாள் கூட்டம் கூடியது. குட்டு வெளிப்படுவதற்குள் இவர்களைக் கழற்றிவிட கடைக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

“புல்லுல பழகுறது பால பாடம். நாளையிலேர்ந்து குளத்துல, முழங்கால் தண்ணியில. ஜில்லுன்னு இருக்கும். முடியாதவங்க சங்கடப்படாம வீட்லயே நின்னுக்கலாம்.”

ஒருத்தரும் நிற்கவில்லை. அக்கம்பக்கத்தாரையும் கூட்டிவந்தார்கள். “நூலைத் தண்ணி பிடிக்கணும்! பிடிச்சப்புறம்தான் வீசணும்!” என்று வீடியோவில் கேட்டதை அவர் கத்த, “பிடிச்சப்புறம்தான் வீசணும்!” என்று குளமே திருப்பிக் கத்தியது. வாத்துகள் கரையேறிவிட்டன.

“இனிமே யாரும் வாயைத் திறக்கக் கூடாது!” என்றார் எரிச்சலோடு.

“ஆஹா, மௌனம்! மனசே லேசாயிடுச்சு,” என்று நீதிபதி கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பேச்சு பரவி, மறுநாள் கூட்டம் இரட்டிப்பானது.

“நல்ல பலன் தெரியுது மாஸ்டர்,” என்றார் பல் டாக்டர். சொன்னபோது பக்கத்து ஆளின் நூல் அவர் கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. பலனாம், பலன்!

கடைக்காரர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “மூணாவது பாடம் ஆத்துலதான் நடத்த முடியும். ரொம்ப தூரம். தண்ணி இழுப்பு வேற ஜாஸ்தி. உங்களாலெல்லாம்...”

“பஸ்ஸுக்கு நான் ஏற்பாடு பண்றேன்,” என்றார் நீதிபதி.

வீட்டில் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். “ஆத்துல போய் என்ன பண்ணப் போறீங்க?”

“வீசிக் காட்டணும்.”

“வீசினா மீன் வரணுமே. நம்ம தொட்டியில செத்து மிதக்குற மீனை எடுக்கக்கூட என்னைத்தானே கூப்பிடுவீங்க? பேசாம போய் உண்மையைச் சொல்லிடுங்க. மானம் போனாலும் ஆளாவது மிஞ்சும்.”

பஸ் பூங்கா வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. கட்டையும் கம்பியுமாக எல்லாரும் ஏறப்போகும் நேரத்தில் கடைக்காரர் குறுக்கே போய் நின்றார். தூண்டிலைத் தரையில் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“எல்லாரும் என்னை மன்னிக்கணும். நான் மாஸ்டரும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இந்த ஜென்மத்துல ஒரு மீனைக்கூட நான் பிடிச்சதில்ல!”

டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். நீதிபதி பல் டாக்டரைப் பார்த்தார். பல் டாக்டர் தம் கையிலிருந்த திரைச்சீலைக் கம்பியைப் பார்த்தார்.

தையற்கடை அம்மாள்தான் மெல்ல வாயைத் திறந்தார்.

“நாங்க தோள்பட்டை வலிக்கு நல்லதுன்னுல்ல வந்துக்கிட்டிருக்கோம்... ஏன் மாஸ்டர், இதை வச்சு மீன் வேற பிடிக்கலாமா?”