தூக்குவாளி சாட்சியம்

உலகத்தில் ஒரு தவறுகூடச் செய்யாத அலுவலகம் என்று ஒன்று உண்டென்றால், அது அருப்புக்கோட்டையில் ஒரு கடலை எண்ணெய்க் கடையின் மாடியில் இருந்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அங்கே நான்கு வருடம் ‘விசாரணை எழுத்தர்’ ஆக இருந்தவன் நான். பெருமை இல்லாமல் எப்படிச் சொல்ல முடியும்?

அலுவலகத்தின் பெயர் ‘வேலையிழந்தோர் வாடகை நிவாரண நிதி’. 1969-ல் மூன்று நூல் மில்கள் சேர்ந்து ஆரம்பித்தன. மாதாமாதம் தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். வேலை போய்விட்டால், வாடகை வீட்டில் இருப்பவனுக்கு ஆறு மாத வாடகையை நிதி கொடுக்கும். வேலை உண்மையிலேயே போய்விட்டதா, அல்லது போனமாதிரி நடிக்கிறானா என்று நேரில் போய் விசாரிப்பது என் பொறுப்பு. நான்கு வருடத்தில் தவறான ஆளுக்கு ஒரு பைசா போகவில்லை. போய்விடக் கூடாதே என்ற எச்சரிக்கையில் சரியான ஆளுக்கும் கொடுக்காமல் இருந்தோம்.

என் சாதனைகளில் தலையாயது இருளாண்டி மனு. இருளாண்டி, மில்லில் பஞ்சு அறையில் வேலை பார்த்தவன். 1971-ல் ஆட்குறைப்பில் போனவன். அவன் மாடிப்படி ஏறி என்னிடம் மனு கொடுத்த மூன்றாம் நாளே அவன் தெருவுக்குப் போனேன். ஆள் வீட்டில் இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்தேன்.

“இருளாண்டியா? எட்டரைக்கெல்லாம் தூக்குவாளியோட வேலைக்குப் போயிருவானே” என்றார்கள்.

எனக்கு அது போதும். அன்று மத்தியானமே குறிப்பு எழுதினேன்: ‘வேலையற்ற ஒருவர் தினந்தோறும் தூக்குவாளியுடன் வெளியே செல்ல முகாந்திரம் ஏதுமில்லை. ஆகவே மனுதாரர் வேலையில் இருப்பதாகவே கருத இடமுண்டு. மனு தள்ளுபடி.’ செயலாளர் அருஞ்சுனை இதைக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தார். கமிட்டி கை தட்டியது. அன்றிலிருந்து என் வாக்கியத்துக்கு ‘வாளி விதி’ என்று பெயர். அந்த விதியால் தள்ளுபடியான மனுக்கள் அலமாரியில் இரண்டு தட்டுக்கு இருந்தன.

இப்படி நான் உழைத்ததில் 1973-ல் மனு வருவதே நின்றுபோயிற்று. மில்களில் கரண்ட் வெட்டு, பஞ்சுத் தட்டுப்பாடு என்று ஆள் ஆளாக வெளியே போய்க்கொண்டிருந்தபோதும் ஒருவன்கூட எங்கள் மாடிப்படி ஏறவில்லை. கமிட்டி கூடியது. அருஞ்சுனை என்னை அருகில் உட்காரவைத்துப் பேசினார்.

“தனுஷ்கோடி, உங்க வேலையில ஒரு கொறை சொல்ல முடியாது.”

“எல்லாம் உங்க ஆசீர்வாதம்.”

“ஆறு மாசமா ஒரு மனு இல்ல. மனு இல்லைன்னா விசாரணை இல்ல. விசாரணை இல்லைன்னா விசாரணை எழுத்தர் எதுக்குன்னு கமிட்டி கேக்குது.”

“நியாயமான கேள்விதான்” என்றேன். அலுவலகப் பழக்கம். நியாயமாக எது கேட்டாலும் வாய் தானாக ஒத்துக்கொள்ளும்.

‘அன்னாரின் ஒப்பற்ற சேவையைப் பாராட்டி, அப்பதவி இன்று முதல் நீக்கப்படுகிறது’ என்று தீர்மானம் நிறைவேறியது. தோளில் ஒரு துண்டு போட்டார்கள். என் வேலையையும் சேர்த்துப் பார்க்கும்படி பியூன் சோலைச்சாமியிடம் சொன்னார்கள். அவன் அழுதேவிட்டான். எனக்காகவா, அவனுக்காகவா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கும் பதவி அப்போது என்னிடம் இல்லை.

வீட்டுக்கு வந்து முத்துலட்சுமியிடம் சொன்னேன். அவள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்து தெருக் கதவைச் சாத்தினாள்.

“தெருவுக்குத் தெரிய வேண்டாங்க. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து நம்ம தங்கச்சியப் பத்தி விசாரிப்பாக. அண்ணன் சும்மா உக்காந்திருக்கான்னு யாராச்சும் சொல்லிட்டா?”

என் தங்கை சௌந்தரம் எங்களோடுதான் இருந்தாள். ஆகவே மறுநாள் காலை எட்டரைக்கு, வழக்கம்போல் கஞ்சி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, தூக்குவாளியோடு புறப்பட்டேன். வாளி விதியை எழுதியவனே வாளியோடு போகிறோமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. விதி மனுதாரர்களுக்கு. நான் அப்போது மனுதாரர் இல்லையே.

பந்தல்குடி ரோட்டில், ஊர் முடிந்து இரண்டு மைல் தாண்டினால் ஒரு பெரிய புளியமரம். ஊர்க்கண் அங்கே எட்டாது. தூத்துக்குடி லாரிகள் மட்டும் போகும். நிழலைப் பார்த்துப் போனால், அங்கே ஏற்கெனவே ஒருவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு தூக்குவாளி.

“வாங்க சார்” என்று எழுந்தான் இருளாண்டி. “இன்னைக்குத்தான் மொத நாளா?”

“என்னப்பா, நீ இங்க என்ன பண்ற?”

“ரெண்டு வருசமா இங்கனதான் சார் டூட்டி. விதைப்பு, களையெடுப்புன்னு யாராச்சும் கூப்புட்டா போவேன். மழையில்லாத ஊருல யாரு கூப்புடுவா? சாயங்காலம் மில்லுச் சங்கு ஊதுனதும் வீட்டுக்குப் போயிருவேன்.”

வேலைக்குத் தாமதமாக வந்தவனைப்போல நான் கூச்சத்தோடு உட்கார்ந்தேன். தன் மனுவைத் தள்ளிய என் கையெழுத்தை அவன் மறந்திருப்பான் என்று நம்பினேன். நம்புவதற்கு என்ன செலவு?

மத்தியானம் என் வாளியைத் திறந்தேன். அவன் திறக்கவில்லை. “பசிக்கல சார்” என்றான். அடுத்த நாளும் பசிக்கவில்லை. நான்காம் நாள் பாதிச் சோற்றை இலையில் வைத்து நீட்டினேன். வாங்கிச் சாப்பிட்டான்.

மார்கழி பிறந்தபோது என் வாளியிலும் சோறு பாதியாயிற்று. வீட்டுக்காரர் காசிராஜன் மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்காரர். பண்பானவர். வாசலில் நின்றுதான் பேசுவார், உள்ளே வர மாட்டார்.

“கிளார்க்குத் தம்பி, மூணு மாசமா நீங்களும் தரல, நானும் கேக்கல. இனிக் கேக்கணும். தை பொறந்தா வத்தல் வந்துரும். தொகை வந்துச்சுன்னா நீங்க இருங்க. வரலைன்னா வீட்டுல வத்தல் மூட்டையை அடுக்கிக்கிருவேன்.”

“வந்துரும் அண்ணாச்சி.”

எங்கிருந்து வரும்? அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு விடைதான் இருந்தது. என் சம்பளத்திலும் நிதிக்குச் சந்தா பிடித்திருந்தார்கள். நானும் வேலையிழந்தவன். வாடகை வீட்டுக்காரன். எண்ணெய்க் கடை மாடிப்படி ஏறினேன்.

மனுவை வாங்கிய சோலைச்சாமி எனக்கு நாற்காலி போட்டு, டீ வாங்கி வரப் போனான். நான்தான் தடுத்தேன்.

“சார், நேர்ல வந்து விசாரிக்கணும் சார். கோவிச்சுக்கிராதீங்க.”

“என்னை வேலையை விட்டு எடுத்ததே இந்த ஆபீஸ்தானேப்பா!”

“ஆபீசுக்குத் தெரியும் சார். ஃபைலுக்குத் தெரியாதுல்ல? நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க.”

எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறான்! எனக்குக் கண் கலங்கியது.

அவன் எந்த நாளில் வருவான் என்று சொல்லவில்லை. முன்னறிவிப்பில்லாமல் போக வேண்டும் என்பதும் நான் சொல்லிக்கொடுத்ததே. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மரத்தடியிலிருந்து வீடு திரும்பினேன். முத்துலட்சுமி அரிசி புடைக்காமல் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“சோலைச்சாமி வந்தாரு.”

“என்ன கேட்டான்?”

“சார் இருக்காகளான்னு கேட்டாரு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள எதுத்த வீட்டு ஆவுடைத்தாய் அக்கா வந்து நின்னுருச்சு. ‘அவுக எட்டரைக்கே வாளியோட ஆபீசுக்குப் போயிட்டாகளே, ஒரு நாள் தவற மாட்டாக’ன்னு அதுவே சொல்லிருச்சு.”

“நீ என்ன சொன்ன?”

முத்துலட்சுமி முறத்தைக் கீழே வைத்தாள்.

“ஆமா, ஆபீசுக்குத்தான் போயிருக்காகன்னு சொன்னேன்.”

“ஆபீசுலேருந்து வந்தவன்கிட்டயா?”

“அக்கா என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்குது. உள்ள சௌந்தரம் இருக்கா. நான் வேற என்னத்தச் சொல்ல? அவரும் புரிஞ்சுக்கிட்டாரு. தலையக் குனிஞ்சுக்கிட்டே எழுதுனாரு.”

எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. இரண்டு தட்டு ஃபைல்களிலும் எத்தனை பெண்கள் இப்படி வாசலில் நின்று சொல்லியிருப்பார்கள், நான் எத்தனை முறை தலை நிமிர்ந்தே எழுதியிருக்கிறேன் என்று அன்றுதான் கணக்குப் பார்த்தேன்.

உத்தரவு பத்து நாளில் வந்தது. ‘வேலையற்ற ஒருவர் தினந்தோறும் தூக்குவாளியுடன் வெளியே செல்ல முகாந்திரம் ஏதுமில்லை. ஆகவே...’ கீழே அருஞ்சுனையின் கையெழுத்து. வாசகம் எவ்வளவு கம்பீரமாக இருந்தது! எங்கே குறை காட்டலாம் என்று தேடினேன். ஓர் ஓட்டை இல்லை. நான் அப்படித்தான் எழுதுவேன்.

அதை எடுத்துக்கொண்டு புளியமரத்துக்குப் போனேன். இருளாண்டியிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை. முதன்முறையாகத் தன் வாளியைத் திறந்தான். உள்ளே சோறு இல்லை. எட்டாய் மடித்த ஒரு காகிதமும், சுற்றிலும் ஒரு பழந்துணியும் இருந்தன.

“ஒங்க பேப்பர்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும் சார். இங்க பாருங்க, ஒரு எழுத்து மாறாது.”

விரித்தேன். என் கையெழுத்து.

“எழுதுனது நீங்கதான்னு எனக்கு மொத நாளே தெரியும் சார். அன்னைக்கு நீங்க எங்க தெருவுக்கு வந்தப்ப, எம் பொண்டாட்டி மாரிக்கனிதான் வாசல்ல நின்னா.”

“அப்புறம் ஏன்ப்பா ஒரு வார்த்தை கேக்கல?”

“என்னத்தக் கேக்க? நீங்களே வாளியோட வந்து உக்காந்துட்டீங்க.”

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் நான்கு வருட அலுவலகப் பழக்கத்தில், “இதை ஏன் வாளிக்குள்ள வச்சிருக்கீங்க?” என்று விசாரணைதான் வந்தது.

“வெறும் வாளில மூடி கடகடன்னு ஆடும் சார். தெருவுக்குக் கேட்டுரும்ல? இது கெட்டிப் பேப்பரு. மூடி ஆடாம அண்டக் குடுத்தா சத்தமே வராது.”

தையில் வீடு காலியாயிற்று. நாங்கள் சட்டிபானையை ஏற்றிய வண்டி தெருமுனை திரும்பும்போதே வத்தல் மூட்டை வண்டி எதிரே வந்தது. “எங்கம்மா கெளம்பிட்டீக?” என்று ஆவுடைத்தாய் கேட்டதற்கு, “ஆபீசுல வீடு குடுத்திருக்காக அக்கா” என்றாள் முத்துலட்சுமி. வத்தல் நெடியில் எல்லோருக்கும் கண்ணில் நீர் வந்தது. யார் அழுதது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

கண்மாய்க் கரையோரம் இருளாண்டியின் குடிசைக்கு அடுத்ததாக ஒன்று கிடைத்தது. மாரிக்கனிதான் பேசி வாங்கிக்கொடுத்தாள். முத்துலட்சுமிக்குக் கொஞ்சம் குழம்பும் கொண்டுவந்தாள். என்னிடம் அவள் எதுவும் விசாரிக்கவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்கு நானும் இருளாண்டி அண்ணனும் சேர்ந்து புறப்பட்டோம். கண்மாயில் தண்ணீர் இல்லாததால் கரையில் ஒரு கூட்டமே சும்மா உட்கார்ந்திருந்தது. “ரெண்டு பேரும் வேலைக்குப் போறாக பாரு” என்று மரியாதையாக வழி விட்டார்கள்.

அவர் வாளியில் நான் எழுதிய உத்தரவு. என் வாளியிலும் நான் எழுதிய உத்தரவு. இரண்டு வாளியும் கடைசிவரை சத்தம் போடவில்லை. நிதி யாருக்குமே உதவியதில்லை என்று இனி யாரும் சொல்லக் கூடாது. இரண்டு பேருக்கு உதவியிருக்கிறது. இரண்டும் என் கைங்கரியம்.