சிவப்புச் சீட்டு ஒட்டிய கேஜ் அண்ணன்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் வரைக்கும் கேஜ் அண்ணன் அளக்காத பொருள் கிடையாது. ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஆலையில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். எந்நேரமும் கையில் ஏதாவது ஒரு கேஜ், அதாவது அளவுக் கருவி, இருக்கும், அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும்.

டீக்கடையில் வடையை வெர்னியரில் வைத்துப் பார்ப்பார். "இன்னா மாஸ்டர், நேத்து அறுபத்தெட்டு எம்.எம். இருந்துச்சி, இன்னிக்கு அறுபத்திரெண்டு தான் வருது?"

மாஸ்டர் சளைத்தவரில்லை. "நடுவுல ஓட்டை கீது பாரு, அதையும் அளந்துட்டுப் போ நைனா!"

மைத்துனி கல்யாணத்தில், மணமேடை சாய்ந்திருப்பதாக ரசமட்டம் வைத்து நிரூபித்து முகூர்த்தத்தையே தள்ளப் பார்த்தவர். அதற்குப் பிறகு மாமனார் வீட்டு விசேஷங்களுக்கு அவரைப் பந்தி நேரத்துக்குத்தான் அழைப்பார்கள்.

இப்படிப்பட்டவர் கையில் எங்கள் வயிறுகள் சிக்கின. ஷிப்ட் தொழிலாளர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், தொப்பை, சர்க்கரை, இதய நோய்க்கான வாய்ப்பு எல்லாம் எப்படி இருக்கிறது என்று ஆராய ஒரு டாக்டரம்மா தன் குழுவோடு வந்திருந்தார். உதவிக்கு ஆள் கேட்டதும் நிர்வாகம் கேஜ் அண்ணனை அனுப்பி வைத்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

டேப்பைக் கண்டதும் எங்கள் மேனேஜர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். அண்ணன் அவசரப்படவில்லை. "எவ்ளோ நேரம் தம் கட்டுவீங்க சார்? எனக்கு டீ டைம் வரைக்கும் டைம் கீது." மேனேஜர் மூச்சு விட்டார். டேப் நாலு விரல் நீண்டது.

"நேத்து மதியம் என்ன சாப்பிட்டீங்க?" என்று டாக்டரம்மா கேட்டால், எல்லோரும் கோழி கொத்தின அளவு சோறு என்பார்கள். பக்கத்திலிருந்து அண்ணன் குரல் வரும்: "ரெண்டாவது வாட்டி தட்டு தூக்கினு வந்தான், நான் பாத்தேன். எழுதிக்கோங்க மேடம்." பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எங்கள் கேண்டீனில் இரண்டு தடவை கிடைத்தது.

வினை மதியத்துக்கு மேல் வந்தது. லைனில் நல்ல பாகத்துக்குப் பச்சைச் சீட்டு, திருத்த வேண்டியதற்கு மஞ்சள், கழிப்பதற்குச் சிவப்பு. இருபது வருஷப் பழக்கம், லேசில் விடுமா? டாக்டரம்மா ரத்தம் எடுப்பதில் மும்முரமாக இருக்க, அண்ணன் சர்க்கரை அளவு எழுதியிருந்த படிவங்களை எட்டிப் பார்த்துவிட்டு ஒவ்வொருவர் அடையாள அட்டையிலும் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிவப்பு.

சிவப்பு ஒட்டிய பாகம் எங்கே போகும் என்று எங்களுக்குத் தெரியாதா? நேராகக் காயலான் கடைக்குத்தான். நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த கான்ட்ராக்ட் ஆள். பர்மனென்ட் பட்டியல் வெளிவர இரண்டே மாதம் இருந்தது. சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன். சர்க்கரை இருக்கிறது என்ற பயத்தைவிட வேலை போய்விடும் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

மறுநாள் ஒரு குஞ்சுகூடப் பரிசோதனைக்கு வரவில்லை. டாக்டரம்மா கொதித்தார். "ரிசல்ட் ரகசியம்னு சொல்லித்தானே எல்லாரையும் வரவெச்சேன்? இப்ப மருந்து வேண்டியவங்களே ஓடி ஒளியறாங்களே!" அளவில் ஒரு நாளும் தப்பு செய்யாத மனுஷன் முகம் சுருங்கி நின்றார்.

அடுத்த நாள் ஷிப்ட் ஆரம்பக் கூட்டத்தில், சட்டையில் சிவப்புச் சீட்டோடு வந்தார்.

"எனக்கும் சுகரு கீது. ஆறு வருசமா மாத்திரைய டூல் பாக்ஸ்ல ஒளிச்சி வெச்சினு துன்றேன். பார்ட்டுக்குத்தான்பா காயலான். மனுசனுக்கு ரீவொர்க்குதான், திருத்திக்கலாம்."

"நீங்க பர்மனென்ட்டுண்ணே," என்றேன் நான். "எங்களுக்கு வேல போயிருமுல்லா?"

நேராக ஆபீசுக்குப் போனவர், எச்.ஆர். அதிகாரியைக் கையோடு கூட்டி வந்தார். "சார், எவன் ரிசல்ட்டும் ஆபீசுக்கு வராது, எவனையும் நிறுத்த மாட்டோம்னு எழுதி போர்டுல ஒட்டுங்க. அதுவரைக்கும் நான் ஒரு பார்ட்டுக்கும் பச்சை ஒட்ட மாட்டேன்." பச்சை இல்லாமல் லாரி கிளம்பாது. இடைவேளைக்குள் கடிதம் ஒட்டப்பட்டது. அண்ணனுக்கு மெமோவும் கொடுத்தார்கள். அதையும் அளந்து பார்த்து, மார்ஜின் கோணல் என்றாராம்.

டாக்டரம்மாவைப் பார்க்க வரிசையில் முதல் ஆளாக நான் போனேன். பர்மனென்ட் ஆனேன், மாத்திரையும் ஆரம்பித்தேன். அப்புறம் அண்ணனிடம் பட்ட பாடு இருக்கிறதே! கேண்டீனில் என் சோற்றைக் கப்பில் அளந்து போடுவார். திங்கட்கிழமைதோறும் லைன் நடுவில் நிற்க வைத்து இடுப்பை அளப்பார். "அரை இஞ்ச் எறங்கிச்சிடா!" என்று ஊரைக் கூட்டுவார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சொந்த ஊரை விட்டு வந்த பிறகு, நான் எவ்வளவு சாப்பிட்டேன் என்று கவலைப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

போன மாதம் ஓய்வு பெற்றவர், இப்போது சேரப்பணஞ்சேரி வீட்டோடு இருக்கிறார். என் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டதாக நேற்று ரிப்போர்ட் வந்தது. படமெடுத்து முதலில் அவருக்குத்தான் அனுப்பினேன். உடனே பேசினார்: "எழுத்து சரியா தெர்ல. நேர்ல எட்னு வா."

படம் பளிச்சென்றுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன், எனக்கும் அவரைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.