பதினோரடி ஷீட்

என் கணக்குப் பிழைக்கு, அளவில் பிசகாத ஒரு மனிதரைக் குற்றவாளி ஆக்கினேன். தெரிந்தேதான் செய்தேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆரணியை ஒட்டிய சேவூரில் என் பக்கத்து வீட்டுக்காரர் மாணிக்கம், பட்டு நெசவாளி. தெருவில் யார் நெடுக்கிழை நீட்டிப் பாவு போட்டாலும் நீளம் சரிபார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். போன வருடம் பின்சுவரை ஒட்டித் தறிக்குச் சாய்வாக ஒரு ஷீட் கூரை இறக்க நினைத்தார். நான் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். அதிலும் கணிதப் பட்டதாரி. (பட்டம் வாங்கி நாற்பத்தெட்டு வருடம் ஆகியிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

மாணிக்கம் சுவர் உச்சியிலிருந்து தூணின் தலை வரை ஓர் இழையைப் பிடித்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். பதின்மூன்றடி.

"நூல் தொங்கும் மாணிக்கம். கணக்கு தொங்காது," என்றேன்.

மாணிக்கமே அளந்து சொன்னபடி, சுவருக்கும் தூணுக்கும் நடுவே பன்னிரண்டடி. சுவர் தூணைவிட ஐந்தடி உயரம். செங்கோண முக்கோணத்தில் இரண்டு பக்கம் தெரியும், மூன்றாவதுதான் ஷீட்டின் நீளம். சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் படம் போட்டேன். பாடப்புத்தகத்தில் செங்கோணம் கீழே ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். இங்கே அது சுவரின் நடுவில் தொங்கியது. காகிதத்தைத் திருப்பினேன். பிறகு நானே திரும்பி நின்றேன். எது கர்ணம், எது அடிப்பக்கம் என்பதே கலங்கிப்போய், கூட்ட வேண்டிய வர்க்கங்களைக் கழித்துவிட்டேன். விடை பதினோரடி.

மாணிக்கத்தின் மனைவி வசந்தா எட்டிப் பார்த்தார். "ஏன் சார், நேரா போனாலே பன்னண்டடி. சாஞ்சிகினு போனா கொறஞ்சிடுமா?"

எனக்கும் ஒரு கணம் குழப்பமாகத்தான் இருந்தது. "சாய்வுல கொஞ்சம் உள்வாங்கும்மா," என்றேன். (எது எதை உள்வாங்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

கடையில் பதினோரடிக்கு வெட்டிக் கொண்டுவந்த ஷீட்டுகளில் ஒன்றை மேலே ஏற்றினார்கள். சுவரைத் தொட்டால் தூணுக்கு எட்டவில்லை. தூணைத் தொட்டால் சுவருக்கு எட்டவில்லை. கீழே வசந்தாவின் தம்பி குமாரும் தெருக்காரர்கள் நான்கைந்து பேரும் அண்ணாந்து நின்றார்கள். நான் போட்ட கழித்தல் குறி அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. வாய் வேறு சொன்னது. "மாணிக்கம், நீ குடுத்த அளவு தப்பு."

அவர் என்னைப் பார்த்தார். "இருக்கும் சார்," என்றார்.

"என்னா மாமா, பாவு அளக்கறப்பவும் இப்படித்தான் கோட்டை வுட்டுகினு இருந்தியா?" என்றான் குமார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் எதிர்வீட்டில் பாவு போட்டபோது வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். மாணிக்கம் வாசலில் நின்று அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன்.

அதிலிருந்து ஐந்தாம் நாள் என் செலவில் பதின்மூன்றடி ஷீட்டுகளை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினேன். தெருக்காரர்களைக் கூட்டி, தரையில் சாக்பீஸால் முக்கோணம் போட்டு, டேப் பிடித்து அளந்து காட்டினேன். "மாணிக்கம் சொன்ன பதிமூணுதான் சரி. தப்பு என்னுது. தெரிஞ்சேதான் அவர் மேல பழி போட்டேன்."

குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பாத்துக்கோ மாமா. உன் மானத்தைக் காப்பாத்த, இவ்ளோ படிச்சவரு பழியத் தன் மேல போட்டுக்கினாரு."

"இல்லப்பா, நெஜமாவே நான்தான்."

"வுடுங்க சார். எங்களுக்குப் புரியுது."

நான் மறுக்க மறுக்க என் பெருந்தன்மை வளர்ந்துகொண்டே போனது. தெருவில் என்னை நம்பியவர் வசந்தா ஒருவர்தான். நம்பியதால் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

என் வீட்டில் இப்போது ரசத்தில் உப்பு கூடினாலும், பஸ் தவறினாலும், "மாணிக்கம் குடுத்த அளவு தப்பா இருக்கும்," என்கிறாள் என் மனைவி. பேரப்பிள்ளைகள் வரை அது பரவிவிட்டது.

தெருவில் பாவு போட்டால் நீளம் சரிபார்க்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். மாணிக்கத்தையும் இழுத்துக்கொண்டு போகிறேன். அவர் அளக்கிறார். நான் பக்கத்தில் நின்று "சரி" என்கிறேன். அந்தச் சொல் வந்த பிறகுதான் பாவை இழுத்துக் கட்ட முளை அடிக்கிறார்கள்.