அரைக்கிண்ணம், முழுக்கிண்ணம், எசென்குல்

எங்கள் ஊர் நாரின் ஆற்றைத் தோளில் தூக்கி மலைக்கு அந்தப் பக்கம் வைத்துவிடுகிறேன் என்று எசென்குல் சபதம் செய்திருந்தால்கூட அவன் மனைவி புருல் நம்பியிருப்பாள். அவன் செய்தது அதைவிடக் கடினமான சபதம். மகள் ஜிபாரின் அறிவியல் போட்டிப் பொருளில் கை வைக்கமாட்டேன் என்றான். ரொட்டியைத் தொட்டுச் சொன்னான். எங்கள் ஊரில் ரொட்டி மேல் சத்தியம் செய்துவிட்டு மீறினால், அவனவன் வீட்டு ஆடே அவனைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

காரணம் போன வருடத்து எரிமலை. நான்காம் வகுப்பு ஜிபாரின் பெயரில் போனது. கட்டியவன் எசென்குல். அது கக்கிய கக்கலில் பள்ளிக்கூடத்துக் கூரையிலிருந்த மூன்று புறாக்கள் நிறம் மாறின. நடுவர் குனிந்து, "இது எப்படிம்மா வேலை செய்யுது?" என்று கேட்டார். "இருங்க, எங்கப்பாவக் கேட்டுட்டு வரேன்" என்றாள் குழந்தை. கூடம் முழுக்கச் சிரித்தது. ஜிபார் வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். பக்கத்து வீட்டு தொக்தோசுன் அந்தக் குளிர்காலம் பூராவும் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "என்ன எசென்குல், எரிமலையெல்லாம் சுகமா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

இந்த வருடம் முதலிடம் வாங்கினால் தலைநகர் பிஷ்கெக்கில் பெரிய போட்டி. ஜிபாருக்கு அதே நினைப்பு, அதே கனவு.

"ஜிபார் அப்பா, நல்லாக் கேட்டுக்கோங்க" என்றாள் புருல். "இந்தத் தடவ உங்க கை பட்டதுன்னு தெரிஞ்சா அவ பேரையே அடிச்சிடுவாங்க."

"கை பட்டாத்தானே?"

"பட்டாத்தான்."

"சரி, அப்படி என்னதான் செய்யறா?"

"காத்தாடி. காத்துல விளக்கெரியுமாம். சாமானெல்லாம் கொட்டகையில கெடக்கு. அந்தப் பக்கமே போயிடாதீங்க."

மறுநாள் சாயங்காலமே போனான். ஆனால் சத்தியத்துக்குப் பயந்தவன். குதிரைக்கு லாடம் அடிக்கும்போது போடும் தோல் கையுறையை மாட்டிக்கொண்டு போனான். கை வைக்கமாட்டேன் என்றுதானே சொன்னான்? கையுறையைப் பற்றி எந்த ரொட்டியிடமும் பேச்சே எழவில்லை.

கொட்டகையில் கிடந்தது நாலு தகரமும் ஒரு கம்பியும்தான். பாவம், குழந்தைக்கு இதற்கு மேல் என்ன தெரியும்! எசென்குல் பழைய துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரைக் கழற்றி வந்தான். வாளியை வெட்டி இறக்கை செய்தான். ஒரே வாரத்தில் அது சுற்றிய சுற்றில் கொட்டகைக் கோழிகள் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் மிதந்தபடி முட்டையிட்டன.

வீட்டில்தான் ஏதோ சரியில்லை. தேநீர் சரியில்லை.

எங்கள் பக்கம் மதிப்பான ஆளுக்குக் கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் ஊற்றுவோம். மறுபடி மறுபடி வாங்கிக் குடித்துக்கொண்டு நிறைய நேரம் இருக்கட்டும் என்று. விளிம்பு வரை ஊற்றினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று பொருள். கட்டிய மனைவி கட்டிய கணவனுக்கு விளிம்பு வரை ஊற்றி நீட்டினாள்.

"என்னடி இது, தளும்பத் தளும்ப?"

"தாகமா இருப்பீங்கன்னு."

"நான் என்ன மீட்டர் பாக்க வந்தவனா?"

"குடிங்க, ஆறிடும்."

மனம் வெம்பிப்போய்க் குடித்தான். "ஆட்டப் பாக்கணும்" என்று முனகிவிட்டு எழுந்து கொட்டகைக்குப் போனான். மறுநாள் கால் கிண்ணம் வந்தது. உடனே உருகிப்போனான். பட்டாளத்தில் இருந்தபோது ஓநாயைச் சந்தித்த கதையை எடுத்துவிட்டான். ஜிபார் ஒரு நோட்டில் என்னமோ குறித்தாள்.

"என்னம்மா எழுதற?"

"வீட்டுப்பாடம்ப்பா. நீங்க சொல்லுங்க."

"எங்க விட்டேன்?"

"ஓநாய் உங்களப் பாத்துப் பயந்து மரத்துல ஏறிடுச்சு."

"ஆங்! ஏறினது ஏறினபடி அங்கேயே ரெண்டு நாள்..."

அடுத்த நாள் மறுபடி முழுக்கிண்ணம். அதற்கடுத்த நாள் அரை. இப்படியே மூன்று வாரம். என்ன தப்பு செய்தோம், எப்போது திருந்தினோம் என்றே அவனுக்குப் புரியவில்லை.

போட்டி நாள் வந்தது.

"ஜிபார் அப்பா, அந்தக் காத்தாடியத் தூக்கிட்டு வாங்க."

"நானா? நான்தான் கை வைக்கமாட்டேன்னு..."

"கையுறை போட்டுக்கோங்க" என்றாள் புருல்.

அந்த இடத்தில் அவன் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. காற்றாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தான். மகளின் மேசையைப் பார்த்தான். தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் ஒரு சமோவார், ஒன்பது கிண்ணங்கள், பின்னால் ஒரு பெரிய அட்டை. அதில் குண்டு குண்டாக எழுதியிருந்தது: "எவ்வளவு தேநீர் ஊற்றினால் விருந்தாளி எழுந்து போவார்?"

நடுவர் குல்சாத் டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "யார் மேல சோதிச்சம்மா?"

"வீட்டுக்கு வந்தவங்க பத்தொம்பது பேரு, டீச்சர். அப்பா மட்டும் இருபத்தோரு நாளும். அளவு நான் சொல்வேன், அம்மா ஊத்துவாங்க. கால் கிண்ணம்னா ஒரு மணி நேரம் உக்காந்திருப்பாங்க. முழுக்கிண்ணம்னா பதினோரு நிமிஷம். பக்கத்து வீட்டு தொக்தோசுன் மாமா மட்டும் எவ்வளவு ஊத்தினாலும் எழுந்திருக்கல. அவரத் தனியா எழுதியிருக்கேன்."

கூட்டத்தில் நின்ற தொக்தோசுன் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"இதெல்லாம் அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வேணும்னே வேற மாதிரி நடந்துப்பாங்களே, டீச்சர்."

டீச்சர் தலையை ஆட்டினார். பிறகு அவர் பார்வை திரும்பியது. "அந்தக் காத்தாடி?"

எசென்குல் காற்றாடியை இறக்கி முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தான். போச்சு, பேரை அடிக்கப்போகிறார்கள்!

"அது கருவி, டீச்சர். அப்பா எழுந்தா போறதுக்கு ஒரு இடம் வேணுமில்ல? கொட்டகையில நாலு சாமானப் போட்டு, போகாதீங்கன்னு சொன்னாப் போதும்னு அம்மா சொன்னாங்க."

"இவ்வளவு பெரிசா யாரு செஞ்சது?"

மொத்தக் கூடமும் எசென்குலின் கையுறைகளைப் பார்த்தது.

"எனக்கென்ன தெரியும்?" என்றான் எசென்குல். "நான் கையே வைக்கல."

முதலிடம் ஜிபாருக்கு. இந்த முறை அவள் அழவில்லை. ஓடிவந்து அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவனுக்குக் கோபம் வருவதற்குள் பெருமை முந்திக்கொண்டது. தொக்தோசுனைப் பிடித்து நிறுத்தினான். "பாத்தியா என் பொண்ண! இருபத்தோரு நாள் ஒரு மனுஷனுக்குத் தெரியாம ஆராய்ச்சி! அதுவும் என்னை மாதிரி விவரமான ஆள் மேல!"

பிஷ்கெக் போக வண்டி ஏற்பாடாயிற்று. மாணவிக்கு ஓர் இருக்கை, கூடப் போகும் பெரியவருக்கு ஓர் இருக்கை. பெரியவர் புருல்.

"அப்ப நான்?" என்றான் எசென்குல்.

"உங்கள விட்டுட்டுப் போவோமா? நீங்க இல்லாம போட்டியே இல்லியே!"

குளிர்ந்துபோனான். புதுத் தொப்பி போட்டுக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் வண்டியருகே போய் நின்றான். பின்கதவில் புருலின் கையெழுத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது.

"சமோவார், ஒன்று. கிண்ணம், ஒன்பது, கவனம், உடையும். காற்றாடி, ஒன்று. அப்பா, ஒன்று; உடையாது, மேலே மூட்டை அடுக்கலாம்."