மாப்பிள்ளைக்கு என்னைத் தெரியாதாம்

என் தங்கச்சி புருஷன் குமரேசன் ஒரு துரோகி. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். சிரிக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

பிரான்சில் ஒரு கைத்தறிக் கண்காட்சி. பட்டு நெசவாளர்களான நாங்கள் இருவரும் பிள்ளையார்பாளையத்திலிருந்து புடவைகளோடு போயிருந்தோம். கடை போட இன்னும் ஒரு நாள் இருந்தது. "ரூம்ல சும்மா குந்திக்கினு இன்னா பண்றது மச்சான்? ரயில் மியூசியம் ஒண்ணு இருக்குதாம்" என்று இழுத்துப் போனவர் அவர்தான்.

என்னைவிட உயரமான சக்கரம் வைத்த நீராவி எஞ்சின்களை எல்லாம் பார்த்துவிட்டு (பிரமாதம், அதை மறுக்கவில்லை), அந்தக் காலத்து ராஜா போன பெட்டிக்கு வந்தோம். உள்ளே ஜன்னலில் பச்சைத் திரை. பக்கத்து இருக்கையில் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்த, ஆள் அளவு மெழுகு பொம்மை ஒன்று.

"இது பட்டு இல்ல மச்சான். கலப்பு."

"கண்ணு அவிஞ்சி போச்சா மாப்ள? சுத்தப் பட்டு!"

"அப்ப திருப்பிப் பாத்துட்டு சொல்லுங்க. ஆள் வந்தா நான் பாத்துக்கிறேன்."

துணியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் எங்கள் ஊர்க்காரன் எதையும் நம்ப மாட்டான். மணமேடையில் கல்யாணப் பெண்ணின் முந்தானையையே திருப்பிப் பார்த்துத் திட்டு வாங்கியவன் நான். தடுப்புக் கயிற்றைத் தாண்டினேன். திரையைத் திருப்பினேன். (சுத்தப் பட்டுதான். நான் சொன்னதுதான் சரி.) அபாய மணி அலறியது.

போலீஸ் வந்தால் கடையும் கிடையாது, ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஓட வழியில்லை. பொம்மை பக்கத்தில் உட்கார்ந்து நானும் பொம்மையாகிவிட்டேன். (சிரிக்காதீர்கள். அந்த நேரத்தில் நல்ல யோசனையாகத்தான் இருந்தது.) காவலுக்கு இருந்த அம்மாள் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். இரண்டு பொம்மைகள். மணியை நிறுத்திவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். டீச்சர் என்னையும் காட்டி ஏதோ விளக்கினார். ஒரு சிறுமி என் நெற்றி விபூதியை முறைத்துப் பார்த்தாள். மூச்சை அடக்கினேன். அப்போது என் சட்டைப்பையில் போன் கெட்டிமேளம் கொட்டியது. வீட்டுக்காரி!

பிள்ளைகள் போட்ட கூச்சலில் காவல்கார அம்மாள் திரும்பி வந்து என்னை வெளியே இழுத்தார். இவர் உங்களோடு வந்தவரா என்று குமரேசனிடம் இங்கிலீஷில் கேட்டார்.

மாப்பிள்ளை என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நோ மேடம்."

நாங்கள் இருவரும் ஒரே தறியில் நெய்த, ஒரே மயில்கண் கரை போட்ட பட்டு வேட்டி கட்டியிருந்தோம். அந்தக் கட்டடத்திலேயே வேட்டி கட்டியவர்கள் நாங்கள் இருவர்தான். அந்தம்மா என் கரையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் கரையைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டு, இரண்டு பேருக்கும் வாசலைக் காட்டினார். கடை தப்பித்தது.

"ரெண்டு பேரும் மாட்டிக்கினா கடைய யாரு பாக்குறது மச்சான்?" இதுதான் அவர் சொன்ன சமாதானம்.

இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது என்னைக் காட்டி, "இவரைத் தெரியுமா?" என்று கேட்கிறார்கள். பந்தியே "நோ மேடம்!" என்று கத்துகிறது. என் பெண்டாட்டி குரல்தான் அதில் பெரிசு.

சரி. அடுத்த மாதம் குமரேசன் பிள்ளைக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். மடி தயார். அதற்கு முன்னால் மாப்பிள்ளை மைக்கைப் பிடித்து, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் பதில் சொல்லட்டும்: பிள்ளையை யார் மடியில் உட்கார வைக்கிறீர்? தெரிந்த ஆளா, தெரியாத ஆளா?