உங்களுக்கு அருகிலுள்ள சிறந்த தந்தை

வட்டுக்கோட்டை,
செவ்வாய்க்கிழமை.

கடல் பல கடந்து ரொறன்ரோவில் வாழும் அன்பு மருமகன் சிவகரனுக்கு, உன் தாய்மாமன் கேதீஸ்வரன் வரைவது. நீயும் மருமகளும் பிள்ளைகளும் நோய்நொடியின்றி வாழ்க. நலம் உசாவும் பகுதி இத்துடன் முடிந்தது. இனி வருவது வழக்கு.

உன் தந்தையார், என் அத்தான் தம்பிராசா, மறைந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. பயண ஆவணம் கிடையாமையால் நீ வர இயலவில்லை; அது உன் குற்றமன்று. ஆனால் உனக்குப் பதிலாக ஒருவனை அனுப்பினாயே, யாழ் நகரில் இணையச் சந்தைப்படுத்தல் நிலையம் நடத்தும் உன் கூட்டாளி ஜெயசுதன், அது உன் குற்றமே. நாற்பது ஆண்டுகளாக மேடையேறுபவன் நான். மழைக்குள் பேசியிருக்கிறேன், ஒலிபெருக்கி செத்த மேடையிலும் பேசியிருக்கிறேன். இரங்கலுரை ஆற்ற எழுந்தவனின் சால்வையைப் பிடித்து இழுத்தவனை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

"ஐயா, முதல் மூண்டு செக்கனிலை ஆக்களைப் பிடிச்சுப்போடோணும். இல்லாட்டித் தள்ளிக்கொண்டு போயிடுவினம்."

"செத்தவீட்டுக்கு வந்தவன் பிரேதம் எடுக்க முன்னம் எங்கையடா போறான்?"

"இஞ்சை இருக்கிற ஆக்களை விடுங்கோ ஐயா. உவை ஏற்கெனவே வந்திட்டினம்."

வந்தவர்கள் கணக்கில் இல்லையாம்! வராமல் போனில் பார்ப்பவர்களுக்காகப் பேச வேண்டுமாம்! "தம்பிராசா ஏன் இறந்தார் தெரியுமா? இறுதிவரை பாருங்கள்" என்று தொடங்கச் சொன்னான். இறுதிவரை பார்த்தவர் அத்தான் ஒருவரே என்று சொல்லிவிட்டு, நான் என் வழியிலேயே பேசினேன். அவனோ கமராவை என்னிடமிருந்து திருப்பி, அழுதுகொண்டிருந்த உன் தாயார்மீது வைத்தான். அங்கேதான் 'எங்கேஜ்மென்ற்', அதாவது பார்ப்பவர்களின் ஈடுபாடு, கூடவாம். சிவகரன், உன் தாய் அழுவதற்கு அந்தப் பெயரை வைத்தவன் எவன்?

அதையும் பொறுத்தேன். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருவோர் கையில் கொடுக்கும் நினைவு மலருக்கு நீ அனுப்பிய இரண்டு பக்கங்களைத்தான் பொறுக்க இயலவில்லை. கல்வெட்டு என்று நம்மவர் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கல்லில் வெட்டியது போல ஒரு மனிதன் அதில் நிற்க வேண்டும் என்பதற்காக. நீ அனுப்பியதில் நிற்பவர் யார்? "யாழ்ப்பாணத்தின் சிறந்த விவசாயி தம்பிராசா, சிறந்த சின்ன வெங்காயம் யாழ்ப்பாணம், வட்டுக்கோட்டை சிறந்த சமூகசேவையாளர், உங்களுக்கு அருகிலுள்ள சிறந்த தந்தை." இந்த நான்கையும் பந்திக்குப் பந்தி விதைத்திருக்கிறாய். அருகிலுள்ள சிறந்த தந்தை என்றால் என்ன பொருள்? மற்றவனுடைய தந்தை கொஞ்சம் தூரம் என்பதா? கேட்டதற்கு ஜெயசுதன் சொல்கிறான், திறவுச்சொற்களாம், தேடுகிறவர்கள் வந்து விழுவார்களாம். அட்டையில் அத்தானுக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் மாட்டி, தலையில் இல்லாத மயிரையும் நட்டிருக்கிறான். படத்தைக் கண்ட அக்கா, "ஆரிது?" என்றுதான் கேட்டா.

தேடுகிறவர் வந்து விழத்தான் செய்தார். அச்சேறுமுன்னே இந்தச் சரக்கை இணையத்தில் ஏற்றிவிட்டீர்களே, அதன் பயன் கேள். சென்ற வெள்ளி தம்புள்ளையிலிருந்து ஒரு வியாபாரி அழைத்தான். அக்காதான் எடுத்தா. "தம்பிராசா ஐயா நிக்கிறாரோ?" "அவர் மோசம் போயிட்டார், தம்பி." அதற்கு அவன், "அப்ப வெங்காயம் இனி ஆர் பாக்கிறது?" சின்ன வெங்காயம் தேடியவனுக்கு மரண அறிவித்தல் கிடைத்திருக்கிறது, அவனும் முழுவதையும் வாசித்துவிட்டு, செத்தது ஆரெண்டு தெரியாமல் அழைத்திருக்கிறான். பார்த்தாயா உன் எழுத்தின் வலிமையை! (அக்கா அவனுக்கு விலை சொல்லி இரண்டு மூடையும் கொடுத்துவிட்டா. அதை நான் வாதத்தில் சேர்க்கவில்லை.)

தொலைபேசியில் உன்னைக் கேட்டபோது நீ என்ன சொன்னாய்? "மாமா, கொன்ரென்ற் எழுதிறது பெரிய விசயமில்லை. அதை ஆக்களிட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதுதான் விசயம்." எதைக் கொண்டுபோய்? வெறும் பெட்டியை எத்தனை வாகனத்தில் ஏற்றி எத்தனை ஊருக்கு அனுப்பினாலும், திறக்கிறவன் கையில் என்னடா மிஞ்சும்? கதை சொல்லல் என்று ஆங்கிலத்தில் வகுப்பு வேறு எடுக்கிறாயாம், வெள்ளைக்காரரும் வந்திருந்து படிக்கினமாம். அந்த இரண்டு பக்கத்திலை ஒரு கதை காட்டு பாப்பம்! உன்ரை கொப்பர் வாய் திறந்து ஒரு சொல் சொல்லுறாரோ அதிலை? ஒரு இடத்திலையாவது நடக்கிறாரோ, கோவிக்கிறாரோ, இருமுறாரோ? 'றீச்' பன்னிரண்டாயிரம் எண்டு ஜெயசுதன் போனைத் தூக்கிக் காட்டுறான். பன்னிரண்டாயிரம் பேரிட்டைப் போய்ச் சேந்தும் அந்த மனுசன் ஒருத்தரிட்டையும் போய்ச் சேரேல்லை, சிவகரன்.

மன்னித்துக்கொள். நடை தளர்ந்துவிட்டது.

உன் தாயாரின் நிலையைச் சொல்கிறேன். சாப்பாடு குறைவு. பேச்சும் குறைவு. செத்தவீட்டன்று நீ அனுப்பிய குரற்பதிவை மட்டும் நாள்தோறும் போடச் சொல்லிக் கேட்கிறா. "தம்பி, உதை ஒருக்கா முதலிலை இருந்து போடு" என்று என் கையில் போனைத் தந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறா. அதில் நீ இலக்கணம் ஏதுமின்றி அழுதபடி பிதற்றியிருக்கிறாய். அதை ஆராய இது இடமன்று. நான் சொல்ல வந்தது, நாற்பத்தெட்டு ஆண்டு கூட வாழ்ந்த மனிதரை அவவுக்கு ஒருமுறை திருப்பிக் கொடுக்கக்கூடியது இந்த மலர் ஒன்றுதான். அதைத் தேடுபொறிக்குப் படையல் வைக்க நான் விடேன்.

ஆகவே நானே எழுதியிருக்கிறேன். எழுபத்திரண்டு அடியில் அகவற்பா. எதுகை மோனை ஓரிடத்தும் வழுவவில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். உன் சரக்கு வேண்டுமா, என் தமிழ் வேண்டுமா, வியாழனுக்குள் சொல். உன் திறவுச்சொல் ஒன்றேனும் மலரில் ஏறினால், முப்பத்தோராம் நாள் நான் பேசமாட்டேன், பந்தியிலும் இருக்கமாட்டேன். இந்த மடலையும் ஜெயசுதன்தான் படமெடுத்து அனுப்பப் போகிறான், வேறு வழியில்லை. அவனும் வாசிக்கட்டும்.

உன் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். தமிழும் குலமும் தழைக்க, பனியில் சறுக்கி விழாமல் எல்லோரும் பாதுகாப்பாக இருங்கள்.

என்றும் உன் நலம் நாடும்,
மாமா,
க. கேதீஸ்வரன்.

பின்குறிப்பு: மடலை மடித்த பின் என் அகவலை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். 'செந்நெல் விளைந்து செழித்திடும் வட்டூர்' என்ற அடியில் கையைக் காட்டி நிறுத்தினா.

"நாங்கள் எப்பவடா நெல்லு விதைச்சனாங்கள்? வெங்காயமெல்லோ."

"அக்கா, வெங்காயம் அகவலுக்குள்ளை இறங்காது."

"அப்ப அவரும் இறங்கமாட்டார்."

பிறகு என்னிடம் ஒன்றும் கேளாமல் ஜெயசுதனின் மோட்டார் சைக்கிளில் ஏறி அச்சகத்துக்குப் போய்விட்டா. உன் குரற்பதிவைப் போட்டு, சொல்லுக்குச் சொல் எழுதுவித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறா. மலரில் அது மட்டும்தான் வரும். பிழை பார்க்க என்னிடம் தந்திருக்கிறார்கள். இதோ முன்னால் இருக்கிறது:

"அம்மா, பன்னிரண்டு வருசமா நான் அப்பாவின்ரை காதைத்தான் பாத்தனான். வீடியோவிலை எடுத்தாலும் போனைக் காதிலை வைச்சுத்தானே கதைப்பார். முகத்தைக் காட்டுங்கோ அப்பா எண்டால், 'முகத்தாலை கேக்கேலுமோடா' எண்டு பேசுவார். அந்தக் காதிலை மயிர் நரைச்சது எனக்குத் தெரியும். தோட்டத்தாலை வந்த நாளிலை மண் ஒட்டியிருக்கும். கடைசியா எடுத்தண்டு காது மெலிஞ்சிருந்தது. நான்தான் கேக்கேல்லை, ஏனப்பா எண்டு கேக்கேல்லை."

'முகத்தாலை' என்பதை 'முகத்தால்' என்று திருத்தினேன். அக்கா பார்த்துவிட்டுப் பழையபடி எழுதச் சொன்னா. எழுதினேன். மற்றப் பிழைகளைத் தொடவில்லை. முப்பத்தோராம் நாள் நான் பேசப்போவதில்லை. இதை வாசித்துவிட்டு இருந்துவிடுவேன்.

கோட்டுப் போட்ட படம் வேண்டாமாம். அத்தானின் காது தெரியப் பிடித்து வைத்த படம் ஏதும் உன் போனில் இருந்தால் உடனே அனுப்பு. அட்டைக்கு.